கிளைகேஷன், ஏ.ஜி.இ., நீரிழிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏ.ஜி.இ., ஏ.ஜி.இ. என்கிறார்களே, அது என்ன?

சர்க்கரையும் புரதமும் சேர்ந்து சூடுபட்டால் நிறம் மாறும். வடை பொன்னிறமாவதும், ரொட்டியின் மேல்தோல் பழுப்பாவதும், கடலை வறுபடும்போது வாசம் கிளம்புவதும் இதனால்தான். பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் 1912இல் இந்த வினையை விவரித்தார். அவர் பெயரால் இது மயார் வினை எனப்படுகிறது.

இதில் மூன்று கட்டங்கள் உண்டு. குளுக்கோஸ் மாதிரியான சர்க்கரை, புரதத்தில் உள்ள லைசின், ஆர்ஜினின் ஆகிய அமினோ அமிலங்களில் முதலில் இலேசாக ஒட்டுகிறது. இந்த ஒட்டுதல்தான் கிளைகேஷன். இந்த நிலையில் அது பிரிந்துவிடவும் கூடும். அடுத்து அணுக்கள் இடம் மாறி ஒட்டு உறுதிப்படுகிறது. கடைசியில் உடைந்து, கூடி, பிரிக்கவே முடியாத பலவகைப் பொருட்கள் உருவாகின்றன. இந்தக் கடைசிக்கட்டப் பொருட்களின் பொதுப்பெயர்தான் ஏ.ஜி.இ. (Advanced Glycation End products). ஆய்வகங்கள் பெரும்பாலும் அளப்பது கார்பாக்சிமெத்தில் லைசின் என்ற ஒன்றை. சுருக்கமாக சி.எம்.எல்.

அடுப்பில் நடப்பது உடம்புக்குள்ளும் நடக்குமா?

நடக்கும், ஆனால் மெதுவாக. வாணலியில் சில நிமிடங்களில் முடிவது 37 டிகிரியில் வாரக்கணக்கில் நடக்கிறது. எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை அளப்பதே இதன் முந்தைய கட்டத்தைத்தான். சிவப்பணுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தின் மேல் குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது என்று அது காட்டுகிறது. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால் கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கு அதில் தெரிகிறது. 6.5 சதவீதமோ மேலோ இருந்தால் நீரிழிவு, 5.7 முதல் 6.4 வரை முன்நீரிழிவு என்பது அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் வரையறை.

ஹீமோகுளோபினுக்காவது 120 நாளில் விடுதலை உண்டு. கண் லென்ஸின் புரதம் பிறந்ததிலிருந்து மாறுவதில்லை. தோலின் கொலாஜன் பாதி புதுப்பிக்கப்படவே 15 ஆண்டு போல ஆகிறது. இப்படி நீண்டநாள் இருக்கும் புரதங்களில்தான் ஏ.ஜி.இ. சேர்ந்து, இழைகளைக் குறுக்கே பிணைத்து, இரத்தக்குழாயை விறைப்பாக்குகிறது. உடம்பு சும்மா இருப்பதில்லை. கிளையாக்சலேஸ் என்ற நொதிகள், ஏ.ஜி.இ.யாக மாறவிருக்கும் மெத்தில்கிளையாக்சாலைப் பிடித்து அழிக்கின்றன. நீடித்த உயர்சர்க்கரையில் அந்தக் காவல் போதாமல் போகிறது.

சாப்பிடும் ஏ.ஜி.இ. எல்லாம் இரத்தத்தில் கலந்துவிடுகிறதா?

இல்லை. 1997இல் வெளியான அளவீட்டின்படி உண்டதில் ஏறக்குறைய 10 சதவீதம்தான் இரத்தத்தில் சேர்கிறது. சேர்ந்ததில் மூன்றில் ஒரு பங்கு போல ஆரோக்கியமான சிறுநீரகத்தால் இரண்டு நாளில் வெளியேறியது. சிறுநீரகம் பழுதான நீரிழிவு நோயாளிகளில் வெளியேறியது 5 சதவீதத்துக்கும் குறைவு. மீதி 90 சதவீதம் குடலில் தங்கி, ஓரளவு அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது.

உணவு ஏ.ஜி.இ.தான் நீரிழிவைக் கொண்டுவருகிறது என்று நிரூபணம் ஆகிவிட்டதா?

ஆகவில்லை. செய்தித் தலைப்புகள் சொல்லும் உறுதி ஆய்வுகளில் இல்லை.

சொல்லப்படும் வழிமுறை இது. செல்களின் மேல் ரேஜ் என்ற ஏற்பி உண்டு. 1992இல் அடையாளம் காணப்பட்டது. ஏ.ஜி.இ. பிணைந்த புரதம் அதில் ஒட்டினால் செல்லுக்குள் அழற்சிக்கான சமிக்ஞை கிளம்புகிறது. அழற்சி நீடித்தால் இன்சுலினின் பேச்சைத் தசையும் கல்லீரலும் கேட்பது குறைகிறது. ஆனால் நாம் உண்ட புரதம் குடலில் துண்டு துண்டாகச் செரிக்கப்படுகிறது. தனித்த சி.எம்.எல். ரேஜில் நன்றாக ஒட்டுவதில்லை. அப்படியானால் உணவிலிருந்து வந்தது எப்படிக் கெடுதல் செய்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை.

மனிதர்களிடம் செய்த சோதனைகளும் ஒரே குரலில் பேசவில்லை. கோபன்ஹேகனில் உடல் எடை கூடிய 74 பெண்களிடம் நான்கு வாரம் நடந்த ஆய்வில், ஏ.ஜி.இ. குறைந்த உணவு உண்டவர்களுக்கு இன்சுலின் உணர்திறன் மேம்பட்டது. ஆஸ்திரேலியக் குழு 20 பேரிடம் இரண்டு வாரம் நடத்தியதிலும் அதே திசை. சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன், பருமனான 38 பேருக்கு 12 வாரம் ஏ.ஜி.இ. குறைந்த உணவும் 12 வாரம் ஏ.ஜி.இ. மிகுந்த உணவும் கொடுத்துப் பார்த்தது. 2024இல் வெளியான முடிவில், குறைந்த உணவுக் காலத்தில் இன்சுலின் செயல்பாடு மேம்பட்டிருந்தது. நம் சமையலோடு ஒட்டிய ஆய்வு என்பதால் இதற்குத் தனி மதிப்பு உண்டு. மறுபக்கம், நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் குழு தொப்பை உள்ள 82 பேரைச் சேர்த்து நான்கு வாரம் நடத்திய ஆய்வில் (2022) இன்சுலின் உணர்திறனிலும் இரத்தக்குழாய் இயக்கத்திலும் எந்த வேறுபாடும் தெரியவில்லை. நான்கில் மூன்று ஒரு பக்கம் என்று எண்ணி முடிவு கட்டக்கூடாது. எல்லாமே சிறியவை, குறுகியவை.

ஆகவே இப்படி எடுத்துக்கொள்ளுங்கள்: இரத்தச் சர்க்கரை உயர்ந்தால் உடம்புக்குள் ஏ.ஜி.இ. கூடும் என்பது உறுதி. உணவு ஏ.ஜி.இ.யைக் குறைத்தால் பலன் இருக்கலாம், குறைப்பதால் கெடுதல் எதுவும் இல்லை. முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொள்வதுதான் தவறு.

எந்த உணவில் எவ்வளவு? ஒரு பட்டியலில் வெண்ணெய் முதலிடம், இன்னொன்றில் கடைசி இடம். எதை நம்புவது?

அளந்த முறை வேறு, அதுதான் காரணம். நியூயார்க் மவுண்ட் சினாய் குழு 2010இல் 549 உணவுகளுக்கு வெளியிட்ட பட்டியல்தான் இணையத்தில் அதிகம் சுற்றுகிறது. அது எதிர்ப்பொருள் கொண்டு அளக்கும் எலைசா முறை. அதில் 100 கிராமுக்கு வெள்ளைச்சோறு சுமார் 9 கிலோயூனிட், பால் 5, வெண்ணெய் 20,000க்கும் மேல். வெண்ணெயில் புரதமே ஒரு சதவீதத்துக்குள்தான். ஒட்டுவதற்குப் புரதம் இல்லாத இடத்தில் அவ்வளவு எப்படி வரும் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. மாஸ்ட்ரிக்டில் மூலக்கூறுகளை எடைபோட்டுப் பிரித்தறியும் நிறை நிறமாலைக் கருவியால் 190 உணவுகளை அளந்தபோது (2016) வெண்ணெய், காபி, பழம், காய்கறி எல்லாம் அடிவரிசைக்குப் போயின. உச்சியில் நின்றவை அதிகச் சூட்டில் பதப்படுத்திய கொட்டை, தானியப் பண்டங்களும் டின் இறைச்சியும்தான். பிஸ்கட், வேர்க்கடலை வெண்ணெய் எல்லாம் அந்தக் கூட்டத்தில் சேரும்.

எனவே பட்டியலின் எண்ணை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. அதிலும் எலைசா எண்ணையும் நிறமாலை எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது. ஒரே முறையில் அளந்த ஒரே பொருளின் ஒப்பீடு மட்டும் உதவும். பழைய பட்டியலிலேயே கோழிநெஞ்சு நீரில் வெந்தால் சுமார் 1,100, நெருப்பில் வாட்டினால் 5,800, மாவு தோய்த்துப் பொரித்தால் 9,700. கோழி ஒன்று, அடுப்பு வேறு. சமையலுக்கு இந்த ஒரு விகிதம் போதும்.

அப்படியானால் வெள்ளைச்சோற்றில் ஏ.ஜி.இ. இல்லை, தாராளமாகச் சாப்பிடலாமே?

இதைத்தான் பயந்தோம். சோற்றில் ஏ.ஜி.இ. மிகக் குறைவு, உண்மை. ஆனால் தட்டு நிறைய வெள்ளைச்சோறு உண்டால் குளுக்கோஸ் ஏறி, அந்தக் குளுக்கோஸ் உங்கள் உடம்புக்குள்ளேயே ஏ.ஜி.இ.யைத் தயாரிக்கும். கடையில் வாங்காமல் வீட்டில் காய்ச்சியது மாதிரி. உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்டும் கிளைசீமிக் குறியீடு வேறு, கிளைகேஷன் வேறு. பெயர் ஒத்திருப்பதால் குழப்பம். சோற்றின் அளவைக் குறைத்து, பருப்பும் காயும் கூட்டுங்கள். நீரிழிவு உள்ளவருக்கு இதன் பலன், வடையை விடுவதால் கிடைக்கும் பலனைவிடப் பெரிது.

சூட்டில் என்ன கணக்கு? எந்த இடத்தில் ஏ.ஜி.இ. வேகமாகக் கூடுகிறது?

நீர் இருக்கும்வரை, பிரஷர் குக்கர் தவிர, எந்தச் சட்டியும் 100 டிகிரியைத் தாண்டாது. குழம்பு, இட்லி, புட்டு, அவித்த கிழங்கு எல்லாம் இந்த எல்லைக்குள். மேற்பரப்பில் நீர் வற்றியதும் சூடு சட்டென 140, 160 என்று ஏறும். அங்கேதான் பொன்னிறமும் பழுப்பும் ஏ.ஜி.இ.யும் ஒன்றாகப் பிறக்கின்றன. பொரிக்கும் எண்ணெய் 170 முதல் 190. தந்தூரி அடுப்பு 300க்கும் மேல்.

நிறம் நல்ல அடையாளம், ஆனால் எல்லாச் சிவப்பும் மயார் அல்ல. கடைக் கோழியின் சிவப்பு காஷ்மீரி மிளகாயாகவோ சாயமாகவோ இருக்கலாம். வெறும் சர்க்கரைப்பாகு கருகுவது கேரமல். அதில் புரதம் இல்லாததால் ஏ.ஜி.இ. கணக்கில் சேராது.

சூட்டோடு இன்னும் மூன்று காரணிகள் உண்டு. நேரம் கூடக் கூட ஏ.ஜி.இ. கூடும். ஈரம் இருந்தால் குறையும். காரத்தன்மை கூட்டும், புளிப்பு குறைக்கும். ஆப்பசோடா போட்ட பஜ்ஜி சீக்கிரம் சிவப்பதும், எலுமிச்சை பிழிந்த மீன் வெளிறியே வறுபடுவதும் இதனால்தான்.

நம் பலகாரங்களில் எதைக் கொஞ்சம் யோசித்துச் சாப்பிட வேண்டும்?

திரட்டுப்பால், பால்கோவா. ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறக்குறைய 47 கிராம் லாக்டோஸும் (பால்சர்க்கரை) 32 கிராம் புரதமும் இருக்கும். ஒரு மணி நேரம் கிண்டி நீரை வற்ற வைக்கையில் இரண்டும் நெருங்கி நெருங்கி வினை வேகம் பிடிக்கிறது. வெளிறிய பால்கோவாவுக்கும் பழுப்பேறிய திரட்டுப்பாலுக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பங்கு இதுதான். மீதி வெல்லத்தின் நிறம். அடிபிடித்த பகுதியைச் சுரண்டிக் கலக்காதீர்கள். ருசிக்காகச் சுரண்டுவது வழக்கம் என்று தெரியும்.

அதிரசம் இன்னொன்று. வெள்ளைச் சர்க்கரை மயாரில் நேரடியாகச் சேராது. வெல்லத்தில் ஓரளவு குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஏற்கெனவே பிரிந்து கிடப்பதால் உடனே சிவக்கும். எண்ணெய் கொஞ்சம் மிஞ்சிக் காய்ந்தால் வெளியே கருத்து உள்ளே மாவாக நிற்பது இதனால்தான். நடுத்தீயில் போட்டு, இளஞ்சிவப்பில் எடுத்து, அழுத்தி எண்ணெய் வடியவிடுங்கள்.

முறுக்கு, மிக்சர், காராசேவில் கடலைமாவும் உளுந்தும் புரதம் தருகின்றன. வறண்டு மொறுமொறுப்பாகும்வரை பொரிப்பதால் மேல்தோல் மட்டுமல்ல, உள்வரை எல்லாம் ‘மேற்பரப்பு’தான். பஞ்சுபோன்ற மெதுவடையில் சிவந்தது மெல்லிய தோல் மட்டும். இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம்.

தினமும் டீயோடு நனைக்கும் பிஸ்கட்டைத்தான் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. தீபாவளி அதிரசம் வருடத்துக்கு ஒருமுறை. பிஸ்கட் வருடத்துக்கு 365 நாள்.

முறுகல் தோசையையும் விட வேண்டுமா?

வேண்டாம். புளித்த மாவின் புளிப்பு ஓரளவு தடுக்கிறது, தோசை கல்லில் இருப்பதும் இரண்டு நிமிடம்தான். நிறத்துக்காக மாவில் சர்க்கரை சேர்ப்பதை நிறுத்தலாம். வாரத்தில் சில நாள் மூடிபோட்ட கல்தோசையோ இட்லியோ போதும்.

கோழி, மீன் எப்படிச் சமைத்தால் குறையும்?

அரைக்கிலோ கோழிக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச்சாறு, உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் தடவி ஒரு மணி நேரம் குளிரில் ஊறவிடுங்கள். மவுண்ட் சினாய் குழு எலுமிச்சைச்சாறு அல்லது வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து வாட்டிய மாட்டிறைச்சியில், ஊறாததில் பாதிக்கும் குறைவான ஏ.ஜி.இ.தான் உருவானது. புளிக்கரைசலும் புளிப்புதான். மீனுக்கு அதுவே பொருத்தம்.

ஊறியதை மூடிய சட்டியில் அதன் தண்ணீரிலேயே 15 முதல் 18 நிமிடம் வேகவிடுங்கள். தடித்த துண்டின் நடுவே 75 டிகிரி வந்தால் வெந்தது. வாசத்துக்கும் நிறத்துக்கும் கடைசி மூன்று நிமிடம் மூடியைத் திறந்து சுண்டவிட்டால் போதும். பச்சையாக எண்ணெயில் போட்டு 20 நிமிடம் வறுப்பதோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு வறண்டு கிடக்கும் நேரம் மிகக் குறைவு.

கெட்டுப்போகும் இடங்கள்: தேன், சர்க்கரை, தக்காளி சாஸ் எதையும் முதலிலேயே தடவினால் இறைச்சி வேகுமுன் பூச்சு கருகும். அவற்றைக் கடைசியில் சேருங்கள். கெட்டித்தயிர்ப் பூச்சிலும் லாக்டோஸும் பால்புரதமும் சேர்ந்தே இருப்பதால் தந்தூரியில் முதலில் கருகுவது அதுதான். தடவிய பின் மிகையை வழித்துவிட்டுச் சுடுங்கள். கருகிய ஓரத்தைக் கத்தரித்து எறியுங்கள்.

ஊறவைத்தால் சர்க்கரை வியாதிக்காரர் தினம் கிரில் சிக்கன் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை.

ஏர் ஃப்ரையர் வாங்கினால் தப்பிக்கலாமா?

எண்ணெய் குறையும், கலோரி குறையும். ஏ.ஜி.இ. குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். 180, 200 டிகிரி வறண்ட காற்றுதானே, சிறிய அவன் அது. பிரஷர் குக்கர் 120 டிகிரி வரை போனாலும் உள்ளே ஈரம் நிறைந்திருக்கிறது, நேரமும் குறைவு. அது கவலைப்பட வேண்டிய பாத்திரமல்ல. மைக்ரோவேவில் மீதமான குழம்பைச் சூடாக்குவதும் அப்படித்தான்.

உருளைக்கிழங்கு வறுவலுக்கு ஏதாவது வழி?

கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது, வறுத்தால் கரும்பழுப்பு. அதே சர்க்கரை, கிழங்கில் உள்ள அஸ்பரஜின் என்ற அமினோ அமிலத்தோடு சேர்ந்து 120 டிகிரிக்கு மேல், புற்றுநோய் ஐயத்துக்குரிய அக்ரிலமைடையும் உண்டாக்கும். வறுத்த கிழங்கில் அது இருப்பது சுவீடனில் 2002இல் வெளிச்சத்துக்கு வந்தது. வெளியே நிழலில் வைத்து, நறுக்கியதை அரைமணி நேரம் நீரில் ஊறவைத்து, கழுவி, துடைத்து, வெளிர்மஞ்சளில் எடுங்கள்.

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் தேனும் வெல்லமும் நல்லதா?

கிளைகேஷனைப் பொறுத்தவரை இல்லை. தேனில் பெரும்பகுதி ஃப்ரக்டோஸும் குளுக்கோஸும்தான். சோதனைக்குழாயில் ஃப்ரக்டோஸ், குளுக்கோஸைவிடப் பலமடங்கு வேகமாகப் புரதத்தில் ஒட்டுகிறது. கொதிக்கும் பாயசத்தில் எதைப் போட்டாலும் சர்க்கரை சர்க்கரையே.

வீட்டில் பார்க்கும் சர்க்கரை நன்றாக இருக்கிறது, எச்பிஏ1சி மட்டும் ஏன் அதிகம்?

முதலில் கணக்கு. எச்பிஏ1சியை 28.7ஆல் பெருக்கி 46.7ஐக் கழித்தால் சராசரிச் சர்க்கரை மில்லிகிராமில் வரும். 7 சதவீதத்துக்கு 154, 8க்கு 183. நீங்கள் காலை வெறும்வயிற்றில் மட்டும் பார்த்தால் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றம் உங்கள் கண்ணில் படாது. சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரத்தில் ஒரு வாரம் பாருங்கள்.

அப்படியும் ஒத்துவராவிட்டால் இரத்தத்தைச் சந்தேகியுங்கள். இரும்புச்சத்துக் குறைவில் எச்பிஏ1சி பொய்யாக உயரலாம். இரத்தசோகை பரவலாக உள்ள நம் பெண்களிடம் இதைக் கவனிக்காமல் மாத்திரை கூட்டுவது நடக்கிறது. மாறாக, சிவப்பணு சீக்கிரம் அழியும் நோய்கள், சமீபத்திய இரத்தப்போக்கு, கர்ப்பத்தின் நடுப்பகுதி, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்டின் ஊசி ஆகியவற்றில் எண் பொய்யாக இறங்கும். தலசீமியா மாதிரியான ஹீமோகுளோபின் கோளாறுகளில் எண்ணை நம்பவே முடியாமல் போகலாம். அப்போது ஃப்ரக்டோசமைன் பரிசோதனையைக் கேளுங்கள். அது இரத்தப் புரதங்களில், பெரும்பாலும் ஆல்புமினில், ஒட்டிய சர்க்கரையைப் பார்த்து இரண்டு மூன்று வாரக் கணக்கைச் சொல்லும்.

சிறுநீரக நோயாளிக்குத் தனி அறிவுரை உண்டா?

வெளியேற்றும் வாசல் அடைபட்டிருப்பதால் வறுத்தது, பொரித்தது, சுட்டது ஆகியவற்றைக் குறைப்பது இவர்களுக்குத்தான் மற்றவர்களைவிட அர்த்தமுள்ளது. புரத அளவு, பொட்டாசியம் ஆகியவற்றை மருத்துவரும் உணவியலாளரும் நிர்ணயித்தபடியே வைத்துக்கொண்டு, சமைக்கும் முறையை மட்டும் மாற்றுங்கள்.

ஏ.ஜி.இ.யைக் கரைக்கும் மாத்திரை விற்கிறார்களே?

பிணைந்ததைப் பிரிக்கும், பிணைவதைத் தடுக்கும் மருந்துகளுக்குப் பல ஆண்டு முயன்றார்கள். அமினோகுவானிடின் பக்கவிளைவுகளால் நின்றது, அலாஜிப்ரியம் சந்தைக்கே வரவில்லை. மருந்துக் கம்பெனிகளால் முடியாததை ‘ஆன்டி கிளைகேஷன்’ என்று அச்சடித்த டப்பா செய்துவிடும் என்று நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். தோலில் ஒளி பாய்ச்சி ஏ.ஜி.இ. காட்டும் கருவிகளும் உண்டு. அந்தப் பணத்தில் எச்பிஏ1சி பார்த்தால் சிகிச்சைக்கு உதவும்.

புகைப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. புகையிலை உலரும்போதே அதன் சர்க்கரையும் அமினோ பொருட்களும் மயார் வினையில் இறங்குகின்றன. புகையில் வரும் வினைத்திறன் மிக்க பொருட்கள் நுரையீரல் வழியே போய் இரத்தப் புரதங்களில் ஒட்டுகின்றன. குடல் என்ற சல்லடை இந்தப் பாதையில் கிடையாது.